மணி அடித்த பிறகு: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள்

பீடிகையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். நேரே 1870-களின் யேல் கல்லூரியில், முதலாண்டு வகுப்பு ஒன்றுக்குள் போய்விடுவோம்.

கரும்பலகை இருக்கிறது. நீள பெஞ்சுகள் இருக்கின்றன. மேசைக்குப் பின்னால் ஓர் இளம் ஆசிரியர். அவரே சில ஆண்டுகளுக்கு முன் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான். அவர் பாடம் நடத்துவதில்லை, ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். பையன் எழுந்து நின்று ஹோமரின் கிரேக்கத்தில் ஐந்தாறு வரியை மொழிபெயர்க்கிறான், அல்லது யூக்ளிடின் தேற்றம் ஒன்றை ஒப்பிக்கிறான். போதும், உட்கார் என்கிறார். கையிலுள்ள சின்னக் குறிப்பேட்டில் ஓர் எண் விழுகிறது. நான்கு என்றால் முழு மதிப்பெண். சராசரி இரண்டுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. பிறகு அடுத்த பெயர். மணி அடிக்கும்வரை இதுதான். ஹோமர் யார், அவர் பாடிய போர் எதற்கு, இத்தனை நூற்றாண்டுகளாக அந்த வரிகளை ஏன் மனிதர்கள் விடாமல் படிக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1887-இல் யேலில் பட்டம் பெற்று, பின்னாளில் அங்கேயே பெயர்பெற்ற பேராசிரியராக விளங்கிய வில்லியம் லயன் ஃபெல்ப்ஸ் இந்த வகுப்புகளின் வறட்சியைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். அவரே ஆசிரியராகி, 1895-இல் நவீன நாவல்களைப் பற்றி ஒரு பாடம் தொடங்கினார். மாணவர்கள் குவிந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. மூத்த பேராசிரியர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஓராண்டோடு பாடத்தை நிறுத்தவேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட வகுப்பில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் என்ன செய்வான்? நம் பையன்கள் செய்வதைத்தான் செய்தான். லத்தீன், கிரேக்க நூல்களுக்கு வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பு கடையில் கிடைத்தது. மாணவர் மொழியில் அதற்குப் பெயர் 'போனி', அதாவது மட்டக்குதிரை. ஏறி உட்கார்ந்தால் அதுவே ஆற்றைக் கடத்திவிடும். நம்மூர்க் கோனார் நோட்ஸுக்கு அமெரிக்க ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் பார்த்தெழுதுவதைப் பெரும்பாலோர் பாவமாக நினைக்கவில்லை. ஆசிரியர் ஒரு கட்சி, மாணவர் ஒரு கட்சி, நடப்பது போர், போரில் தந்திரம் உண்டு. பார்த்தெழுதியவனைவிட அவனைக் காட்டிக்கொடுத்தவன்தான் அங்கே அற்பன். பிரின்ஸ்டனில் 1893-இல் மாணவர்களே முன்வந்து, தேர்வு அறையில் கண்காணிப்பாளர் வேண்டாம், எங்கள் வாக்கை நம்புங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். இந்தப் பழைய போரை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய திருப்பம் என்று விளங்கும்.

இப்போது பீடிகை. 1870-இல் அமெரிக்கா முழுவதிலும் கல்லூரி மாணவர்கள் சுமார் 52 ஆயிரம் பேர். 1900-இல் சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம். முப்பது ஆண்டில் நாலரை மடங்கு. ஆனாலும் பதினெட்டிலிருந்து இருபத்துநாலு வயதுவரை உள்ள இளைஞரில் நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம்தான். ஒரு சாதாரணத் தொழிலாளி வருடம் முழுக்க உழைத்தால் 400, 500 டாலர் பார்ப்பான். ஹார்வர்டின் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 150 டாலர். அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளும் எத்தனை சுவர்கள் இருந்தன என்பதுதான் இன்று என் பேச்சு. வகுப்பறைக்குள் நடந்த கல்லூரி ஒன்று. மணி அடித்த பிறகு மாணவர்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிக்கொண்ட கல்லூரி இன்னொன்று. முதலாவதின் கதவு அந்த முப்பது ஆண்டில் மெதுவாகத் திறந்துகொண்டே வந்தது. இரண்டாவதின் கதவு அதே வேகத்தில் இறுகிக்கொண்டே போனது என்பது என் எண்ணம்.

முதல் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் வில்லியம் எலியட். வேதியியல்காரர். 1869-இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் ஹார்வர்டின் தலைவரானார். நாற்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். எல்லோரும் ஒரே பாடத்தை ஒரே வரிசையில் படிக்கவேண்டும் என்ற பழைய ஏற்பாட்டை அவர் செங்கல் செங்கலாகப் பிரித்துப் போட்டார். 1897 வாக்கில் முதலாண்டின் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்றுதான் கட்டாயம். மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். 1886-இல் காலைப் பிரார்த்தனைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்ற விதியும் போயிற்று. யேல் அதை 1926 வரை விடவில்லை. தூக்கக் கலக்கத்தோடு, இரவு உடையின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, கோயிலுக்கு ஓடிவந்து வருகைப் பதிவுக்காக உட்கார்ந்திருக்கும் யேல் மாணவனின் பக்தியை ஆண்டவன் எப்படி மதிப்பிட்டானோ!

எலியட்டின் சுதந்திரத்தில் வில்லியம் ஜேம்ஸ் போன்றவர்களிடம் உளவியலும் தத்துவமும் படிக்க முடிந்தது. எந்தப் பேராசிரியர் எளிதாகத் தேற்றிவிடுவார் என்று விசாரித்து, காலையில் தூங்கத் தோதாக, மாடிப்படி ஏறாமல் போகக்கூடிய வகுப்புகளாகப் பார்த்துச் சேர்வதற்கும் முடிந்தது. இரண்டும் நடந்தன. நூலகம் மட்டும் ஹார்வர்டில் நெடுங்காலம் பொழுது சாய்ந்தால் பூட்டப்பட்டது. தீப்பிடிக்குமோ என்ற பயத்தில் உள்ளே விளக்கே கிடையாது. குளிர்காலத்தில் அந்த ஊரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சரி, எங்கே தங்கினார்கள், என்ன தின்றார்கள்? ஹார்வர்டின் பழைய விடுதிகள் 'யார்ட்' என்ற வளாகத்துக்குள் இருந்தன. கணப்புக்கு நிலக்கரி, வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு, தண்ணீருக்கு முற்றத்துக் கைபம்பு. அறையைக் கூட்டிப் படுக்கையை விரிக்க வரும் வயதான பெண்களைப் பையன்கள் 'குடி' என்று கூப்பிடுவார்கள். இதைக் கேட்டு நம் ஊரில் யாரும் தப்பாக நினைக்கவேண்டாம். அது இல்லத்தரசியைக் குறிக்கும் பழைய ஆங்கில வழக்கு. சாப்பாடு பெரும்பாலோருக்கு மெமோரியல் ஹால். உள்நாட்டுப் போரில் வடக்குக்காக உயிர்விட்ட ஹார்வர்ட்காரர்களின் நினைவாகக் கட்டிய பிரம்மாண்டமான கூடம். 1874 முதல் அதுவே மெஸ். வாரத்துக்குச் சுமார் நாலு டாலர். இறந்தவர்களின் பெயர் பொறித்த சலவைக்கற்களுக்குப் பக்கத்துக் கூடத்தில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து இறைச்சி வெந்ததா வேகவில்லையா என்று சண்டை போட்டார்கள். மெஸ் சண்டைக்கு நாடு, காலம் எதுவும் கிடையாது.

1890-களில் மௌண்ட் ஆபர்ன் தெருவில் தனியார் கட்டிய விடுதிகள் எழுந்தன. 1893-இல் வந்த கிளேவர்லி ஹால் அவற்றில் பேர்போனது. நீராவிக் கணப்பு, குளியலறை, பணியாள். நியூயார்க், பாஸ்டன் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அங்கே குடியேறினார்கள். அந்தத் தெருவுக்கே 'தங்கக் கடற்கரை' என்று பெயர் வந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் யார்டில் ஒருவன் கைபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறான். இருவரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்தார்கள், ஒரே பட்டத்தைத்தான் வாங்கினார்கள். நான்கு ஆண்டில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலும் போக முடிந்தது. என்ன படிப்பது என்பதில் எலியட் கொடுத்த சுதந்திரம், யாரோடு வாழ்வது என்பதிலும் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. கல்லூரி விடுதி கட்டுவதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததில்லை.

மேற்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விடுதியே இல்லை. முன்பு இருந்த விடுதி அறைகளை எல்லாம் வகுப்பறைகளாக்கிவிட்டார்கள். ஆன் ஆர்பர் நகரத்து வீடுகளில் வாடகைக்குத் தங்கி, பத்திருபது பேர் சேர்ந்து சாப்பாட்டுக் குழு வைத்துக்கொள்வார்கள். கணக்கு எழுதி, மளிகை வாங்கி, சமையல்கார அம்மாவைச் சமாளிக்கும் ஒருவனுக்கு மட்டும் சாப்பாடு இலவசம். இப்படிச் சமாளித்துப் படித்தவர்களின் பட்டியல் நீளமானது. ஸ்டான்ஃபோர்ட் 1891-இல் திறந்தபோது முதல் அணியில் சேர்ந்த ஹெர்பர்ட் ஹூவர் அநாதை. சக மாணவர்களின் அழுக்குத் துணியைச் சேகரித்துச் சலவைக்கு அனுப்பும் ஏஜென்சி எடுத்தார், நிலவியல் பேராசிரியரின் அலுவலகத்தில் வேலை பார்த்தார், 1895-இல் பட்டம் வாங்கினார். பின்னாளில் நாட்டுக்கே அதிபரானார் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்டான்ஃபோர்ட் முளைத்துச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, கட்டணமே வாங்காத அந்தக் கல்லூரியில்கூட, கிரேக்க எழுத்துப் பெயர் சூட்டிக்கொண்ட ரகசியச் சங்கங்கள் மாணவர் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தன. 1894-இல் சங்கத்தில் இல்லாதவர்களைத் திரட்டித் தேர்தலில் அவர்களைத் தோற்கடித்த கூட்டத்தில் ஹூவரும் இருந்தார். பொருளாளர் ஆனார். சங்கத்தில் இல்லாதவர்களுக்கு அங்கே வழங்கிய பெயர் 'காட்டுமிராண்டிகள்'.

ஆக, இரண்டாவது கல்லூரிக்கு வந்துவிட்டோம். அதற்கும் பாடத்திட்டம் உண்டு, மதிப்பெண் உண்டு, பட்டமளிப்பு உண்டு. யேலில் ஒரு மரவேலி இருந்தது. மாலை நேரத்தில் அதன்மேல் உட்கார்ந்து பாடுவதும் பேசுவதும் வழக்கம். எந்த ஆண்டு மாணவன் எந்தப் பகுதியில் உட்காரலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. முதலாண்டு மாணவனுக்கு இடமே இல்லை. பேஸ்பாலில் ஹார்வர்டின் முதலாண்டு அணியை வென்றால்தான் அந்த உரிமை. 1888-இல் புதுக் கட்டடம் கட்டவென்று வேலியை அகற்றியபோது, பழைய மாணவர்கள் ஊரூராக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பாடத்திட்டத்தை மாற்றியபோது அவ்வளவு சத்தம் எழுந்ததா என்பது சந்தேகம்.

பட்டமளிப்பு என்றேனே, அது மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நடக்கும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் முற்றத்தில் மரத்தடியில் கூடி நிற்பார்கள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் முகத்தில் சலனமே இல்லாமல் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒருவன் தோளில் ஓங்கி அடித்து, உன் அறைக்குப் போ என்பான். அவன் 'மண்டையோடும் எலும்பும்' என்ற ரகசியச் சங்கத்துக்குத் தேர்வாகிவிட்டான் என்று பொருள். அந்தச் சங்கத்துக்கு ஆண்டுக்குப் பதினைந்தே பேர். 1883-க்குப் பிறகு இப்படி மூன்று சங்கங்கள். மொத்தம் நாற்பத்தைந்து பேர். மற்றவர்கள் வெயில் தாழும்வரை நின்றுவிட்டு நடையைக் கட்டவேண்டியதுதான். மூன்று ஆண்டுக் காலம் ஒவ்வொரு நட்பும் ஒவ்வொரு பேச்சும் அந்த ஒரு அடியை மனதில் வைத்தே நடந்தன. நல்லதையும் சொல்லவேண்டும்: பணம் மட்டும் இருந்தால் தோளில் அடி விழாது. பத்திரிகை நடத்தியவன், படகு வலித்தவன், பந்து விளையாடியவன், நன்றாகப் பேசியவன் என்று பார்த்தார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவனுக்கும் சில நேரம் கிடைத்ததுண்டு. 1878-இல் தொடங்கிய யேல் டெய்லி நியூஸ், 1880-இல் வந்த கார்னெல் டெய்லி சன் போன்ற நாளிதழ்களை முழுக்க மாணவர்களே நடத்தினார்கள். ஒப்பிக்கும் வகுப்பில் கிடைக்காத பயிற்சி அது.

கால்பந்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், தலைவர் மன்னிக்கவேண்டும். 1869 நவம்பர் 6 அன்று நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் இரண்டு கல்லூரிகளும் ஆடிய ஆட்டத்தில் பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். ரட்கர்ஸ் ஆறுக்கு நாலு என்று வென்றது. அது ஏறக்குறைய நமக்குத் தெரிந்த கால்பந்துதான். பிறகு ரக்பி உள்ளே வந்தது. யேலின் வால்டர் கேம்ப் என்பவர் 1880-இல் அணிக்குப் பதினொருவர் என்றும், பந்து யார் கையில் என்பது தெளிவாக இருந்து ஆட்டம் தொடங்கவேண்டும் என்றும் விதி வகுத்தார். 1882-இல் மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு என்றார். இதோடு அமெரிக்கர்களுக்கே உரிய ஒரு விளையாட்டு பிறந்துவிட்டது. திட்டம், அணிவகுப்பு, தாக்குதல் எல்லாம் சேர்ந்தது. அப்பன்மார் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெருமையை ஈடுகட்ட ஒரு களம் தேவைப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

1892-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் யேலுக்கு எதிரே ஹார்வர்ட் ஒரு வியூகத்தை இறக்கியது. இரண்டு பக்கத்திலிருந்தும் வீரர்கள் முழு வேகத்தில் ஓடிவந்து முக்கோணமாக ஒன்றுசேர்ந்து, பந்து வைத்திருப்பவனை நடுவில் வைத்துக்கொண்டு, எதிரணியின் ஒரே ஆள்மீது மோதினார்கள். யேல் தாக்குப்பிடித்து 6-0 என்று வென்றது வேறு விஷயம். 1894 ஆட்டத்தில் எலும்பு முறிந்தவர்களும் நினைவிழந்தவர்களுமாக இரண்டு பக்கமும் அடிபட்டதில், அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் ஹார்வர்டும் யேலும் மோதவே இல்லை. எலியட் தம் ஆண்டறிக்கைகளில் இந்த ஆட்டத்தைக் கண்டித்து எழுதினார். யார் கேட்டார்கள்? நன்றி தெரிவிக்கும் நாளன்று நியூயார்க்கில் யேலும் பிரின்ஸ்டனும் ஆடிய ஆட்டத்துக்கு 1890-களில் நாற்பதாயிரம் பேர்வரை கூடினார்கள். நீலமும் ஆரஞ்சும் கட்டிய குதிரை வண்டிகள் ஐந்தாவது நிழற்சாலையில் ஊர்வலமாகப் போயின. இதில் புரண்ட பணத்துக்கு மாணவர்களே பொறுப்பு; கல்லூரிக்குப் பல ஆண்டுகள் அதில் கையே இல்லை. மேற்குக் கரையில் 1892 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் முதல்முறை மோதியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டுவிட்டார்கள், நாணயங்கள் மூட்டையாகக் குவிந்துவிட்டன, ஆட்டம் தொடங்கும் நேரத்தில்தான் பந்தைக் கொண்டுவர மறந்தது தெரிந்தது. நகரத்துக்குள் ஆள் போய்ப் பந்து எடுத்துவரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ஹூவர் பின்னாளில் ரசித்துச் சொன்ன கதைகளில் இதுவும் ஒன்று.

இந்த இரண்டாவது கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு இப்போதைய பெயர் ராகிங். முதலாண்டு மாணவர்களும் இரண்டாமாண்டு மாணவர்களும் ஒரு கைத்தடியைக் கைப்பற்றக் கூட்டமாகக் கட்டிப்புரளுவார்கள். சட்டை கிழியும், பல் போகும், மறுநாள் சிரிப்பார்கள். எப்போதும் சிரிப்பில் முடியவில்லை. 1873-இல் கார்னெலில் ரகசியச் சங்கம் ஒன்றில் சேரவந்த மாணவன் கண்கட்டோடு இரவில் அழைத்துச் செல்லப்பட்டு, பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தான். நாட்டின் காப்புரிமைத் துறைத் தலைவரின் மகன் அவன். அதே கார்னெலில் 1894 பிப்ரவரியில் முதலாண்டு மாணவர்கள் நகரத்துக் கூடம் ஒன்றில் விருந்து வைத்தபோது, அதைக் கலைப்பதற்காக இரண்டாமாண்டு மாணவர்கள் தரையில் துளைபோட்டுக் குளோரின் வாயுவைக் குழாய் வழியே செலுத்தினார்கள். சோதனைக்கூடத்தில் கற்றுக்கொண்டதுதான். விருந்துக்கு வந்த பிள்ளைகள் மூச்சுத்திணறிப் பிழைத்துக்கொண்டார்கள். சமையல் வேலைக்கு வந்திருந்த கறுப்பினப் பெண் இறந்துபோனாள். விசாரணை நடந்தது. மாணவர்கள் வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற அந்தப் பழைய தர்மம் இங்கேயும் செல்லுபடியானது; ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அக்கால மாணவர் வாழ்க்கையைக் கலகலப்பாகச் சொல்லும் நூல்கள் பல இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது சம்மதமில்லை.

இனி, கதவுக்கு வெளியே நின்றவர்கள். முதலில் பெண்கள். 1873-இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் ஒரு நூல் எழுதினார். பெண்கள் ஆண்களைப்போல் படித்தால் உடலின் சக்தி மூளைக்குப் போய்விடும், கருப்பை வாடிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நூல் பதிப்புமேல் பதிப்பாக விற்றது. படித்துக்கொண்டிருந்த பெண்களே அதைப் படித்துப் பயந்தார்கள். பட்டம் பெற்ற பெண்கள் சங்கமாகச் சேர்ந்து 705 பட்டதாரிகளிடம் விவரம் கேட்டு, 1885-இல் புள்ளிவிவரத்தோடு பதில் கொடுத்தார்கள்: நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். திண்ணைப் பேச்சுக்குக் கணக்கெடுப்பால் பதில் சொன்ன அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மிச்சிகன் 1870-இல் பெண்களைச் சேர்த்தது. வாடகைக்கு அறை கொடுக்கத்தான் பல வீடுகளில் மறுத்தார்கள். கார்னெலில் சேர்த்தார்கள், ஆனால் ஆண் மாணவர்களின் சங்கங்கள் தங்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் வெளியூர்ப் பெண்களைத்தான் அழைத்தன. கூடப் படிக்கும் பெண்ணோடு சாலையில் நடந்தால் மரியாதை குறைவாம். கார்னெலில் 1877-இல் பட்டம் பெற்ற கேரி தாமஸ் மேற்படிப்புக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போனார். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் ஆய்வு வகுப்பில் உட்காரக்கூடாது என்றார்கள். வெறுத்துப்போய் வெளியேறி, ஐரோப்பா சென்று, 1882-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் உயர்ந்த சிறப்புடன் முனைவர் பட்டம் வாங்கினார். 1885-இல் திறந்த பிரின் மார் கல்லூரியின் முதல் டீனாக அமர்ந்து, தமக்கு மறுக்கப்பட்ட அதே ஆய்வு வகுப்புகளைப் பெண்களுக்கென்று அங்கே தொடங்கினார். ஹார்வர்டோ 1879-இல் ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தது. பேராசிரியர்கள் காலையில் ஆண்களுக்கு ஒரு பாடத்தை நடத்திவிட்டு, தெருவில் கொஞ்சம் நடந்து, வேறொரு வீட்டில் அதே பாடத்தைப் பெண்களுக்கு நடத்துவார்கள். முதல் ஆண்டு இருபத்தேழு பெண்கள். பாடம் ஹார்வர்டுடையது, தேர்வும் அதே தரம், பட்டம் மட்டும் கிடையாது. அது 1894-இல் ராட்கிளிஃப் கல்லூரி ஆயிற்று.

பெண்களுக்கென்றே எழுந்த கல்லூரிகளில்தான் கலகலப்பு. வாஸர் 1865-இல் 353 பேரோடு திறந்தது. பத்து மணிக்கு விளக்கணைப்பு, ஒழுங்குமுறை எல்லாம் கடுமை. வெல்லஸ்லியில் ஒவ்வொருத்தியும் தினம் ஒரு மணி நேரம் கூட்டுவது, பாத்திரம் துலக்குவது என்று வீட்டுவேலை செய்யவேண்டும். ஆண்கள் கல்லூரியில் இந்த யோசனையை யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். ஆனாலும் விளக்கு அணைந்த பிறகு கேஸ் விளக்கின் சுடரில் சர்க்கரையும் சாக்லேட்டும் வெண்ணெயும் காய்ச்சி 'ஃபட்ஜ்' கிண்டுவது பெண்கள் கல்லூரிகளில் ஒரு பைத்தியமாகவே பரவியது. 1888-இல் வாஸர் மாணவி ஒருத்தி ஒரு விழாவுக்காக முப்பது பவுண்டு கிண்டிய செய்தி கடிதமாகப் பதிவாகியிருக்கிறது. ஸ்மித் கல்லூரியில் 1893 மார்ச்சில் பெண்கள் முதல்முறை கூடைப்பந்துப் போட்டி ஆடினார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. பந்தைத் தூக்கிப்போட்ட மறுகணமே ஓர் அணித்தலைவியின் தோள்பட்டை நழுவியது, ஆட்டம் நிற்கவில்லை. டாக்டர் கிளார்க் அப்போது உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் நம் பக்கத்து உறவையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான பென்சில்வேனியா மருத்துவக் கல்லூரியில் புனேயின் ஆனந்திபாய் ஜோஷி 1886-இல் பட்டம் பெற்றதும், மறு ஆண்டே காசநோயால் இறந்ததும் உங்களில் பலர் அறிந்தது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அதே கல்லூரியில் 1895-இல் சேர்ந்தார். கார்னெல் தன் மருத்துவக் கல்லூரியைப் பெண்களுக்குத் திறந்ததும் நியூயார்க்குக்கு மாறி, 1899-இல் அங்கே பட்டம் வாங்கினார். மாறிய காரணம் எளிது: ஆண்களோடு படித்து வாங்கிய பட்டத்துக்கு மதிப்பு அதிகம். வேலூர் மருத்துவமனையின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அக்கால மாணவர்களிடையே கால்பந்துக்கு அடுத்த பெரிய அலை மதப்பணி. 1886 கோடையில் மௌண்ட் ஹெர்மனில் கூடிய 251 மாணவர்களில் நூறு பேர் வெளிநாடு சென்று ஊழியம் செய்வதாகக் கையெழுத்திட்டார்கள். அந்த அலையில்தான் யேலில் படித்த ஷெர்வுட் எடி 1896-இல் இந்தியா வந்து, தமிழ் கற்று, நம் மாணவர்களிடையே தமிழிலேயே பேசினார்.

கடைசியாகக் கறுப்பின மாணவர்கள். 1872-இல் பதினாறு வயதுப் பையன் ஒருவன் சுமார் ஐந்நூறு மைல் நடந்தும் வண்டியேறியும் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்விக்கூடத்துக்கு வந்து சேர்ந்தான். கையில் ஐம்பது சென்ட். சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்த ஆசிரியை, பக்கத்து அறையைக் கூட்டு என்றார். மூன்றுமுறை கூட்டி, நான்குமுறை துடைத்தான். கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்த ஆசிரியைக்கு ஒரு தூசி அகப்படவில்லை, சேர்த்துக்கொண்டார். அவன்தான் பின்னாளில் கறுப்பினக் கல்வியாளராகப் புகழ்பெற்ற புக்கர் வாஷிங்டன். டென்னஸியின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பணம் தீர்ந்து மூடும் நிலை வந்தபோது, 1871-இல் ஒன்பது மாணவர்கள் பாடிச் சம்பாதிக்கப் புறப்பட்டார்கள். அடிமைக்காலப் பாடல்களைப் பாடி, விக்டோரியா ராணிவரை போய்த் திரும்பினார்கள். 1876-இல் எழுந்த ஜூபிலி ஹால் அந்தக் குரல்கள் கட்டியது. தங்கக் கடற்கரையில் நீராவிக் கணப்புக்கு வாடகை கொடுத்தவர்களையும், தங்கள் விடுதிக்குத் தாங்களே பாடிச் செங்கல் வாங்கியவர்களையும் ஒரே 'மாணவர் வாழ்க்கை' என்ற தலைப்புக்குள் நான் அடக்கவேண்டியிருக்கிறது.

ஃபிஸ்கில் படித்த டுபாய்ஸ் என்ற கறுப்பின மாணவர் 1888-இல் ஹார்வர்டுக்கு வந்தார். ஃபிஸ்க் பட்டத்தை முழுதாக மதிக்காமல் மூன்றாம் ஆண்டில் சேர்த்தார்கள். ஃபிளாக் தெருவில் ஒரு கறுப்பினப் பெண்மணியின் வீட்டில் அறை எடுத்தார். வில்லியம் ஜேம்ஸ் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசுமளவுக்கு நெருக்கம். நல்ல குரல் என்ற நம்பிக்கையில் பாடகர் குழுவுக்கு விண்ணப்பித்தார், மறுத்தார்கள். அதற்குமேல் அவர் எந்தக் கதவையும் தட்டவில்லை. நூலகம், வகுப்பு, பாஸ்டனின் கறுப்பினக் குடும்பங்கள், இவையே அவருடைய ஹார்வர்ட். 1890 பட்டமளிப்பு மேடையில் பேசத் தேர்வான சிலரில் ஒருவராக நின்று, அடிமைமுறைக்காகப் போரிட்ட தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸைப் பற்றிப் பேசினார்.

என் கருத்துக்கு எதிரான சாட்சியையும் வைக்கவேண்டும். அதே 1890 வகுப்பு, முடிதிருத்தும் வேலை பார்த்து வளர்ந்த கிளெமென்ட் மார்கன் என்ற கறுப்பின மாணவரைத் தன் வகுப்புப் பேச்சாளராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமை காலங்காலமாகப் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. தங்கள் வகுப்பின் பணக்காரக் கூட்டத்துக்கு மற்றவர்கள் கொடுத்த அடி அது. வில்லியம் ஹென்றி லூயிஸ் என்ற கறுப்பின வீரர் ஆம்ஹர்ஸ்ட் கால்பந்து அணிக்குத் தலைவராக இருந்து, பின் ஹார்வர்டில் சட்டம் படிக்கும்போது 1892, 1893 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த பதினொருவரில் ஒருவராகத் தேர்வானார். அதே ஊரில் முடிவெட்டும் கடை ஒன்றில் அவருக்கு நாற்காலி தர மறுத்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம்வரை போய், இப்படிப்பட்ட பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை இறுக்கவைத்தார். ஆகவே கதவு முழுக்கச் சாத்தியிருந்தது என்று நான் சொல்லவரவில்லை. யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு திறக்கும் என்பது உள்ளே இருந்தவர்கள் கையில் இருந்தது.

1900-இல் கல்லூரி மாணவரில் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் பெண்கள். வகுப்பறை அவ்வளவு மாறிவிட்டது. 1909-இல் எலியட் ஓய்வுபெற, அவர் இடத்துக்கு லாரன்ஸ் லோவெல் வந்தார். மாணவர்கள் பணத்தாலும் சங்கத்தாலும் பிரிந்து கிடக்கிறார்கள், இதை உடைத்தே தீரவேண்டும் என்றார். முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் தங்கவேண்டும் என்று புதிய விடுதிகள் கட்டினார். 1914-இல் அவை திறந்தன. தங்கக் கடற்கரைப் பிள்ளையும் கைபம்புப் பிள்ளையும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அந்த விடுதிகளில் கறுப்பின மாணவருக்கு இடமில்லை என்று சொன்னவரும் அதே லோவெல்தான். மறுக்கப்பட்டவர்களில் ஒருவரின் தந்தை ஹார்வர்டிலேயே 1902-இல் பட்டம் பெற்றவர். பழைய மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1923-இல் மேற்பார்வைக் குழு அவர் உத்தரவைத் தள்ளுபடி செய்தது.

என் நேரம் முடிந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கால்பந்து விதிகளைப் பற்றி மட்டும் வேண்டாம்; எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை.